மிதித்தால் நிற்க வேண்டும்

ஜெர்மனியின் மேற்கே, பெல்ஜியம் எல்லைக்கு அருகிலுள்ள ஐஃபெல் மலைப்பகுதியில் நூர்பர்க் என்றொரு சிற்றூர். ஊருக்கு மேலே இடிந்த பழங்கோட்டை ஒன்று நிற்கிறது. அந்தக் கோட்டையைச் சுற்றி, காட்டுக்குள் ஏறியும் இறங்கியும் வளைந்து போகிறது 20.832 கி.மீ. நீளமுள்ள பந்தயப் பாதை. வறுமையில் கிடந்த வட்டாரத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1925இல் தொடங்கி, 1927 ஜூனில் திறந்தார்கள். நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றான நோர்ட்ஷ்லைஃபே இதுதான். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லாடா எரியும் காருக்குள் சிக்கி உயிர் பிழைத்ததும் இங்கேதான். அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் கார்கள் இந்த வடக்குச் சுற்றில் பந்தயம் ஓடவில்லை.

ஆனால் சாதாரண மனிதர்கள் ஓட்டுகிறார்கள். பந்தயமோ சோதனை ஓட்டமோ இல்லாத நேரங்களில் இந்தப் பாதை, சட்டப்படி, கட்டணம் செலுத்தி நுழையும் ஒருவழிச் சாலை. சாலையில் ஓட உரிமம் பெற்ற வண்டியும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால் யாரும் சொந்தக் காரில் ஒரு சுற்று போய்வரலாம். இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், விபத்து நடந்தால் போலீஸ் வரும், இடித்து நெளித்த தடுப்புக் கம்பிக்கு இடித்தவரே பணம் கட்ட வேண்டும். பல காப்பீடுகள் இந்தப் பாதையில் நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை.

இந்தச் சுற்றுக்காகவே பிரிட்டனிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி வருகிறது. விலையுயர்ந்த போர்ஷே வைத்திருப்பவர்கள் மட்டும் அல்ல. மலிவாகக் கிடைத்த பழைய காரை வாங்கி, குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் நிறுத்திச் சரிசெய்து, வெயில் வந்ததும் அதிலேயே ஏறிக் கிளம்புகிறவர்களும் உண்டு. ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலேறினால் 35 நிமிடத்தில் கடலுக்கடியில் கடந்து கலே. அங்கிருந்து பெல்ஜியம் வழியாக ஏறத்தாழ 450 கி.மீ. நூர்பர்க்கில் சில சுற்றுகள். பிறகு அதே காரில் வீடு திரும்ப வேண்டும். இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் பந்தயக் காருக்கு இந்தக் கடைசி நிபந்தனை கிடையாது. எனக்கு இந்தப் பயணத்தின் மேல் ஈர்ப்பு வந்ததே அந்த நிபந்தனையால்தான். ஒரே வண்டி நாள் முழுக்க நெடுஞ்சாலையில் அமைதியாக ஓட வேண்டும். அடுத்த நாள் பத்துப் பதினைந்து நிமிடம் தன் முழு பலத்தையும் காட்ட வேண்டும். மறுநாள் மறுபடி சாதுவாக வீட்டுக்கு ஓட வேண்டும்.

இப்படியொரு காரைத் தயார் செய்ய உட்காருகிறவரின் கை முதலில் எங்கே போகும்? பெரும்பாலும் இன்ஜினுக்குத்தான். ஏர் ஃபில்டரை மாற்றலாமா, சைலன்சரை மாற்றலாமா, பத்து குதிரைசக்தி கூட்ட முடியுமா என்ற கேள்விகள் வரும். இன்ஜினுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை அப்படியே எடுத்து ஓரமாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1989இல் அறிமுகமான, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். 1.6 லிட்டர் இன்ஜின், ஏறத்தாழ 115 குதிரைசக்தி. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இன்று கிடைக்கும் எந்த வண்டிக்கும் குறைந்தது கால் நூற்றாண்டு வயது. ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,100 கிலோ என்று கொள்வோம். நோர்ட்ஷ்லைஃபேயில் ஷ்வேடன்க்ராய்ட்ஸ் என்ற வேகமான வளைவைத் தாண்டியதும் ஆரெம்பெர்க் என்ற மெதுவான வலது திருப்பம் வரும். அங்கே 160 கி.மீ. வேகத்தில் வந்து 80க்குக் குறைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. 160 கி.மீ. என்றால் நொடிக்கு 44.4 மீட்டர், 80 என்றால் 22.2 மீட்டர். இரண்டு வேகங்களுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு ஏறத்தாழ 8 லட்சத்து 14 ஆயிரம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் தேவை. அடுப்பில் வைத்தால் பல நிமிடம் பிடிக்கும் வேலை. நல்ல டயர் உள்ள கார் இதை இரண்டரை நொடியில் செய்துவிடுகிறது. அப்படியென்றால் அந்த இரண்டரை நொடிக்கு பிரேக்குகள் கையாளும் திறன் 325 கிலோவாட். இன்ஜினின் முழுத் திறன் 86 கிலோவாட்தான். காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும், அந்தச் சின்னக் காரின் மிகப் பலம் வாய்ந்த பாகம் இன்ஜின் அல்ல என்பதில் சந்தேகமில்லை. சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் தட்டான டிஸ்க்கும் அதைக் கவ்வும் பேட்டும்தான் இன்ஜினைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை செய்கின்றன.

இன்ஜினை முறுக்கேற்றி அதே இடத்துக்கு 10 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால், வர்க்கக் கணக்குப்படி ஆற்றல் 21 சதவீதம் கூடும். நாம் சேர்த்த குதிரைகளின் கணக்கைத் தீர்க்க வேண்டியது பிரேக்தான்.

இந்த வெப்பம் எங்கே போகிறது? பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. எழுபது சதவீதம் என்று கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 2 லட்சத்து 85 ஆயிரம் ஜூல். டிஸ்க்கின் எடை 4 கிலோ என்றும், வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 480 ஜூல் வேண்டும் என்றும் கொண்டால், ஒரே ஒரு மிதியில் டிஸ்க்கின் வெப்பம் 150 டிகிரி எகிறுகிறது. அடுத்த திருப்பத்துக்குள் காற்று பட்டுக் கொஞ்சம் தணியும். ஆனால் முழுக்கத் தணிவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும். இந்தப் பாதையில் எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். ஆரெம்பெர்க்குக்குப் பிறகு, பாதையின் தாழ்வான இடமான ப்ரைட்ஷைட் வரையில் பெரும்பாலும் இறக்கம்தான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீட்டர் வித்தியாசம். அவ்வளவு உயரம் இறங்கும்போது இந்தக் கார் இழக்கும் நிலையாற்றல் மட்டும் 32 லட்சம் ஜூல். ஆரெம்பெர்க் மிதியைப்போல நான்கு மிதிகளுக்குச் சமம். அதிலும் ஒரு பங்கு பிரேக்கின் கணக்கில்தான் ஏறும்.

ஆக, மலிவான பழைய காரைத் தயார் செய்வது என்றால் பெரும்பாலும் வெப்பத்துக்குத் தயார் செய்வதுதான். பழைய காரில் வெப்பத்தைத் தாங்க முடியாமல் போவது அநேகமாக இரும்பு அல்ல. வார்ப்பிரும்பு இன்ஜின் கட்டையும் எஃகு கிராங்க் ஷாஃப்டும் முப்பது ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடுவதில்லை. மாறுவது திரவமும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். காரின் வயது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் பிரேக் ஆயில். இன்று பெரும்பாலான கார்களில் உள்ளது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அதற்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டப்பாவின் மூடி வழியாகவும், ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றிலுள்ள நீராவி மெல்ல மெல்ல உள்ளே போய்க் கலக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னும் வேகமாகக் கலக்கும். அமெரிக்கத் தரவரையறைப்படி டாட் 4 வகைப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத தண்ணீர் 75 டிகிரியை விழுங்கிவிடுகிறது. கடைக்குப் போய்வரும் காரில் இது ஒருபோதும் தெரியாது. பிரேக் அங்கே அவ்வளவு சூடாவதே இல்லை.

மலைப்பாதை இறக்கத்தில் தெரியும். பேட்டின் சூடு, அதைத் தள்ளும் பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கு ஏறும். கால் அழுத்தும்போது குழாய்க்குள் பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதால் அந்த நேரத்தில் திரவம் கொதிக்காது. ஆபத்து காலை எடுத்த பிறகுதான். அழுத்தம் சட்டென்று விழுகிறது, ஆனால் டிஸ்க்கும் பேட்டும் இன்னும் சூட்டை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அப்போது உள்ளே ஆவிக் குமிழ்கள் கிளம்புகின்றன. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். அடுத்த திருப்பத்தில் மிதிக்கும்போது கால் பலம் முழுவதும் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. பெடல் தரைவரை இறங்கும். கார் போய்க்கொண்டே இருக்கும். முந்தைய திருப்பத்தில் ஒழுங்காகப் பிடித்த பிரேக் இந்தத் திருப்பத்தில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு லிட்டர் புது பிரேக் ஆயில், ஒரு சிறிய ஸ்பேனர், ஒரு கண்ணாடி பாட்டில், ஒளி ஊடுருவும் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய், கூட ஒரு நண்பர். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, பெடலின் அழுத்தம் புறப்படும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்னால் ரப்பர் தொப்பி போட்ட நிப்பிள் இருக்கும். தொப்பியைக் கழற்றி, ஸ்பேனரைப் பொருத்தி, குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்க விட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் “மிதிச்சாச்சு” என்பார். கீழே படுத்திருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். கரும்பழுப்பு நிறத்தில் பழைய திரவம் குழாயில் ஓடும். பெடல் தரையைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகே “விடு” என்று குரல் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். மேலே டப்பாவில் ஆயில் வற்றிவிடாமல் அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்பு மங்கி, வெளிர் மஞ்சளாக, குமிழ் இல்லாமல் வரும்போது அந்தச் சக்கரம் முடிந்தது. அடுத்த சக்கரம். சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பெயின்ட்டை உரித்துவிடும்.

காரைத் தூக்கியிருக்கும்போதே செய்ய வேண்டிய இன்னொரு சோதனை உண்டு. பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இந்த மாடலில் பின்பக்கக் காலிப்பர்கள் துருவேறி இறுகிப்போவது பலரும் அறிந்த குறை. இறுகிய காலிப்பர் பேட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையிலேயே சக்கரம் சூடேறும். பழைய ரப்பர் ஹோஸும் இதே வேலையைச் செய்யும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது திரவம் போகும், விடும்போது திரும்பாது. ஹோஸ்களுக்கு நான்கு சக்கரத்திலும் வயது ஒன்றே என்பதால் நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுவதே நல்லது.

பேட் விஷயத்தில் அவசரப்பட்டுப் பந்தய பேட் வாங்குவது தவறு. சாதாரண பேட்டில் உராய்வுத் தூள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒருவகைப் பிசின். வகைக்கேற்ப 300, 400 டிகிரியைத் தாண்டும்போது பிசின் சிதைந்து வாயுவை விடும்; பிடிமானம் குறையும். பந்தய பேட் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் ஆறிக்கிடக்கும்போது அது சரியாகக் கவ்வாது. 450 கி.மீ. பயணத்தில், மழையில், நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், அந்த முதல் மிதி ஆறிய பேட்டில்தான் விழும். வீடு திரும்ப வேண்டிய காருக்கு, சாலைக்கும் சுற்றுக்கும் பொதுவான இடைப்பட்ட ரகமே பொருந்தும். புது பேட்டைப் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து பலமுறை பிரேக் போட்டு, இடையிடையே ஆறவிட்டு, டிஸ்க்கின் மேல் அதன் மெல்லிய படலம் படியும்படி பழக்க வேண்டும். அதையும் ஊரிலேயே செய்துவிட வேண்டும்.

ஓட்டுகிறவர் காலால் உணர்ந்து பிரித்தறிய வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் தளர்ந்திருக்கிறது. பெடல் பஞ்சாக அமுங்கினால் திரவம் கொதித்திருக்கிறது. முதலாவதில் இன்னும் அழுத்தினால் கொஞ்சம் பலன் உண்டு. இரண்டாவதில் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து அழுத்தம் ஏற்ற முயல வேண்டும். கியரையும் குறைக்க வேண்டும். எதுவானாலும் சுற்றை அதோடு விட்டுவிட்டு மெதுவாக வெளியேறுவதுதான் செய்ய வேண்டியது.

இனி டயர். டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இந்த இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும் என்பதால், வெளியே தெரியாவிட்டால் டார்ச் அடித்து உட்பக்கம் பார்க்க வேண்டும். மலிவாக வாங்கிய காரில் பார்த்தால் திடுக்கிட வைக்கும். குறைவாக ஓடிய கார் என்றால் பட்டன்கள் இன்னும் ஆழமாக இருக்கும். டயருக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். ஆக்சிஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புதிய பிணைப்புகளை ஏற்படுத்தி அதை இறுக்குகிறது. ஓசோன் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. டயரின் பிடிமானம் பெரும்பாலும், சாலையின் சொரசொரப்புக்கு ஏற்றபடி ரப்பர் நெளிந்து பொருந்துவதில் இருக்கிறது. இறுகிய ரப்பர் நெளியாது. ஈரச் சாலையில் இது இன்னும் மோசம். ஐஃபெல் மலையில் பாதையின் ஒரு கோடியில் வெயிலும் மறுகோடியில் மழையும் இருப்பது சகஜம். பிரிட்டனில் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்து ஆண்டு தாண்டிய டயர் போடக் கூடாது என்று 2021 பிப்ரவரி முதல் சட்டமே இருக்கிறது. கார்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. நாமே நமக்கு அந்த விதியை, இன்னும் குறைந்த வயதில், போட்டுக்கொள்ளலாம். இந்தப் பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிகப் பெரிய பங்கு நான்கு நல்ல டயர்களுக்குப் போவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

துரு. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்த மாடலின் துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொடங்குகிறது. மடித்துச் சுருட்டும் மேற்கூரைத் துணியில் விழும் மழைநீர் வடிய, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வடிகுழாய் உண்டு. இலைச் சருகும் தூசியும் அதை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிதவறி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற பெட்டித்தகட்டுக்குள் தேங்குகிறது. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் மூடிய அறைக்குள் சந்திக்கின்றன. குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் தூவும் உப்பு மின்கடத்தும் திரவமாகி அரிப்பை முடுக்குகிறது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு ஏற்கெனவே போயிருக்கும். மூடிய காரில் கூரையும் தூண்களும் உடலின் முறுக்கைத் தாங்கும். திறந்த காருக்குக் கூரை கிடையாது. அந்தச் சுமையின் பெரும்பகுதி தரைப்பகுதிக்கும் சில்லுக்கும் வருகிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை மந்தமாகும். பட்டி பூசி மூடியிருந்தால் காந்தம் ஒட்டாது. சில் போய்விட்ட காரை வெல்டிங் செய்து சரிப்படுத்தும்வரை வேறு எதற்கும் செலவு செய்வதில் பொருளில்லை.

சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் டயரைச் சாலையோடு வைத்திருப்பவை. நோர்ட்ஷ்லைஃபேயில் ஃப்ளூக்ப்ளாட்ஸ் என்ற மேட்டில் கார் எடை இழந்து லேசாகும். ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கத்தின் அடியில் எடை கூடித் தரையோடு அழுந்தும். ஸ்பிரிங் அமுங்கி விரியும் ஆட்டத்தை அடக்கி, அந்த ஆற்றலை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் கசிந்துவிட்டால் ஆட்டம் அடங்காது. ஃபுக்ஸ்ரோரேயில் தொடங்கிய ஆட்டத்தோடு அடுத்த திருப்பத்துக்குள் நுழைவோம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வீல் பேரிங்கின் தளர்ச்சி தெரியும். புஷ் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ப்ரைட்ஷைட்டில் பாதையின் குணம் மாறுகிறது. அதுவரை இறக்கம், பிரேக்குக்குச் சோதனை. அங்கிருந்து ஹோஹே ஆக்ட்வரை நீண்ட ஏற்றம், இன்ஜினின் குளிர்விப்புக்குச் சோதனை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டுக்குப் போகிறது. பாதிக்குப் பாதி எத்திலின் கிளைக்கால் கலந்த தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி அளவில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தக்கவைப்பதால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு அத்தனையும் போயிற்று. விலை குறைந்த பொருள். யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கறுப்பு. ஆண்டுக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அது பழுப்பு நிறத்துக்கு மாறினால் நொறுங்கும் பருவத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நகத்தால் அழுத்திச் சோதிக்கக்கூட வேண்டாம், மாற்றிவிடலாம்.

மூடி, தொட்டி என்று கசியக்கூடிய இடங்களை நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வது நம் காருக்காக மட்டும் அல்ல. நூர்பர்க்கில் நமக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். எத்திலின் கிளைக்கால் தார்ச்சாலையில் வழுக்கும்; இன்ஜின் ஆயில் அதைவிட வழுக்கும். உடைந்த ஒரு பழைய ஹோஸ், காட்டு வளைவு ஒன்றில் இன்னொருவரைத் தடுப்புக் கம்பியில் கொண்டுபோய் மோதவைத்துவிடும். மலிவான கார் என்பதற்காகப் பொறுப்பு மலிவாகிவிடாது.

இன்ஜினில் செய்ய வேண்டியது இரண்டே. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீதோடு சான்று இல்லாவிட்டால் மாற்றவே வேண்டும். இந்த 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, இன்ஜின் பிழைக்கும். பயணம்தான் பெல்ஜியம் சாலையோரத்தில் முடிந்துபோகும். பல வேறு கார்களில் இன்ஜினே போய்விடும். இரண்டாவது, புது ஆயில். நீண்ட வளைவுகளில், குறிப்பாகக் காருசெல் என்ற கான்கிரீட் பள்ளத் திருப்பத்தில், ஆயில் தொட்டிக்குள் ஒருபக்கம் ஒதுங்கும். உறிஞ்சு குழாய் ஒரு கணம் காற்றை இழுத்தாலும் பேரிங்கின் மேலுள்ள ஆயில் படலம் அறும். அளவுக்கம்பியில் மேல்கோட்டுவரை ஆயில் இருப்பதே எளிய பாதுகாப்பு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதைப் பார்க்க வேண்டும்.

வழிக்கான பொருள்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேற்சட்டை, ஜெர்மனிக்கு முதலுதவிப் பெட்டி. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டன் காரில் ஜிபி அல்ல, யுகே என்ற அடையாளம் வேண்டும். ஹெட்லைட்டில் ஒட்டும் பட்டை ஒன்றும் உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக் காரின் லோ பீம் சாலையின் இடது ஓரத்தைத் தூக்கிக் காட்டும்படி அமைந்திருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அதே ஒளி எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். அதை மறைக்கவே அந்தப் பட்டை.

நூர்பர்க்கில் நுழையும் முன் பைகள், ஜாக்கி, கருவிகள் எல்லாவற்றையும் இறக்கித் தங்கும் அறையில் வைத்துவிட வேண்டும். குறையும் ஒவ்வொரு கிலோவும் பிரேக்கின் கணக்கில் குறைகிறது. தவிர, பிரேக் போடும்போது காருக்குள் உருளும் ஒரு தண்ணீர் பாட்டில் பெடலுக்கடியில் போய்ச் சிக்கினால் மேலே சொன்ன எந்தத் தயாரிப்பும் உதவாது. முதல் சுற்றை வேகமில்லாமல் போக வேண்டும். எல்லாம் சூடேறுவதற்கும், கைக்கும் கண்ணுக்கும் பாதை பழகுவதற்கும் அதுவே ஏற்றது.

சுற்றின் கடைசியில் நீண்ட நேர்ச்சாலை வரும். அதை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி முடிப்பது ஆறவிடுவதற்காக. வெளியே வந்ததும் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. கொதிக்கும் பேட் டிஸ்க்கை ஒரே இடத்தில் கவ்விப் பிடித்தால் அங்கே அதன் படலம் திட்டாக ஒட்டிக்கொண்டு, பிறகு பெடல் துடிக்கும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டால் போதும். டயர் அழுத்தத்தை உடனே அளந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். காலையில் 15 டிகிரியில் 2 பார் வைத்திருந்தால், உள்ளிருக்கும் காற்று 70 டிகிரியை எட்டும்போது வாயு விதிப்படி அது ஏறத்தாழ 2.6 பாராகிறது. டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். சூடாக இருக்கும்போதே கொஞ்சம் இறக்கலாம். ஆனால் ஊருக்குக் கிளம்பும் காலையில், டயர் ஆறிய நிலையில், மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் டயர் உள்ளுக்குள் நெளிந்து சூடேறி வெடிக்கக்கூடும். சக்கர நட்டுகள் சூட்டில் விரிந்து சுருங்கியிருக்கும். ஆறிய பிறகு டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

பிறகு சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே டார்ச் அடித்து பேட்டின் தடிமனைப் பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கு மேல் 3 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அன்றைய சுற்றுகள் முடிந்தன. மிச்சமிருப்பது கலேவரை போவதற்கு. அறையில் இறக்கிவைத்த பொருள்களோடு ஒரு ஜோடி உதிரி பேட்டும் அதை மாற்றத் தேவையான ஸ்பேனரும் இருந்தால், அங்கே போய் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு, பக்கத்துச் சாலைகளில் மிதமாக ஓட்டிப் பழக்கி, மாலையில் இன்னொரு சுற்றுக்கு வரிசையில் நிற்கலாம்.